பழுதாகும் வன்வட்டிலிருந்து தரவை மீட்பது எப்படி: முதலில் பிரதி, பிறகே பழுதுபார்ப்பு

ஒரு கோப்புறையைத் திறப்பதற்கே நிமிடக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தாலோ, நேற்றுவரை திறந்த படம் இன்று பாதியில் நின்றாலோ, கணினிக்குள்ளிருந்து இதுவரை கேட்டிராத 'டக், டக்' என்ற ஒலி வந்தாலோ, உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான்: கணினியை அணைத்துவிடுங்கள். இன்னொரு முறை திறந்து பார்ப்போம் என்று எண்ண வேண்டாம். மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். பழுதாகத் தொடங்கிய ஹார்டு டிஸ்க்குக்கு இன்னும் எத்தனை மணி நேர ஆயுள் மிச்சம் இருக்கிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது. அந்த மிச்ச நேரத்தை எதற்குச் செலவிடுகிறோம் என்பதைப் பொறுத்தே உங்கள் கோப்புகள் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அமையும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் குடும்பப் படங்கள் இருந்த வட்டில் பிழைகள் தோன்றியபோது, முதல் வேலையாக இயங்குதளத்தோடு வரும் பழுதுநீக்கிக் கருவியை அந்த வட்டின் மீதே ஓட்டினேன். இரவு முழுவதும் ஓடி முடிந்தபோது பல கோப்புறைகளைக் காணவில்லை. அவற்றின் இடத்தில் 'ஃபவுண்ட் 000' என்ற பெயரில் ஒரு கோப்புறையும், அதற்குள் பெயரும் தேதியும் இழந்த துண்டுக் கோப்புகளும் இருந்தன. கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. கோப்பு முறைமையை, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற ஒழுங்கை, முரணில்லாமல் ஆக்குவதே அதன் பணி, உங்கள் படங்களைக் காப்பது அன்று. பிரதி எடுப்பதற்கு முன்பே அதை ஓட்டியதுதான் என் தவறு. இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எல்லாப் படிகளுக்கும் அடியில் இருக்கும் விதி இதுவே: பழுதான வட்டிலிருந்து படிக்க மட்டும் செய்யுங்கள், அதுவும் முடிந்தவரை ஒரே ஒரு முறை; மற்ற எல்லா முயற்சிகளையும் பிரதியின் மீது செய்யுங்கள்.

வட்டுக்குள் என்ன நடக்கிறது

வன்வட்டின் உள்ளே காந்தப்பூச்சு கொண்ட தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. மேசைக் கணினிகளில் இருக்கும் 3.5 அங்குல வட்டில், 7200 சுற்று வேகத்தில், தட்டின் வெளிவிளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் ஓடுகிறது. அந்தப் பரப்புக்கு மேலே, ஹெட் எனப்படும் படிப்பு முனை வெறும் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றுப்படலத்தின் மீது மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், கண்ணுக்கே தெரியாத தூசித் துகள்கூட அந்த இடைவெளியில் பாறையைப் போன்றது என்பது விளங்கும். முனை ஒரு முறை தட்டில் உரசினால் பூச்சு பெயர்கிறது. பெயர்ந்த துகள்கள் உள்ளேயே சுற்றி மேலும் பல இடங்களைக் கெடுக்கின்றன. பழுதான வட்டை ஓடவிட்டுக்கொண்டே இருப்பது ஏன் ஆபத்து என்பதற்குக் காரணம் இதுதான்.

தரவு செக்டார் எனப்படும் சிறு துண்டுகளாகப் பதியப்படுகிறது. பழைய வட்டுகளில் ஒரு செக்டார் 512 பைட். புதியவற்றில் பெரும்பாலும் 4096 பைட். ஒரு செக்டாரைச் சரியாகப் படிக்க முடியாவிட்டால் வட்டு உடனே கைவிடுவதில்லை, திரும்பத் திரும்ப முயல்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் தட்டு ஒரு முழுச் சுற்று சுற்றி வர வேண்டும். 7200 வேகத்தில் அதற்கு 8 மில்லி நொடிக்குச் சற்று மேல் ஆகும். நூற்றுக்கணக்கான முயற்சிகளுக்குப் பிறகே பிழை என்று அறிவிப்பதால், ஒரே செக்டாருக்குப் பல நொடிகள் போய்விடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 512 பைட் கொண்ட 10,000 செக்டார்கள் கெட்டிருந்து, ஒவ்வொன்றுக்கும் 5 நொடி செலவானால், வெறும் 5 மெகாபைட்டுக்காக வட்டு ஏறத்தாழ 14 மணி நேரம் போராடுகிறது. அந்த 14 மணி நேரத்துக்குள் முனை செத்துப்போனால், இன்னும் தொடாமலே இருந்த நல்ல பகுதி முழுவதும் அதோடு போய்விடும். ஆகவே நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசிக்குத் தள்ளுவதே மீட்பின் உத்தி. சாதாரணமாகக் கோப்புகளை இழுத்து நகலெடுக்கும்போது இதற்கு நேர்மாறாக நடக்கிறது: முதல் கெட்ட இடத்திலேயே நகலெடுப்பு மாட்டிக்கொள்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் சுழலும் வட்டுகளுக்கே பொருந்தும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வேறு வகைப் பொருள். அதன் பழுதும் மீட்பும் வேறு.

வீட்டில் செய்யலாமா, கூடாதா

இந்த முடிவைக் காதும் கண்ணும் சேர்ந்து எடுக்க வேண்டும். வட்டுக்கு மின்சாரம் கொடுத்து, 10 நொடி அமைதியாகக் கேளுங்கள். நல்ல வட்டு மெல்லிய இரைச்சலோடு வேகமெடுத்து, ஓரிரு சிறு சொடுக்குகளுக்குப் பிறகு சீரான ஓட்டத்துக்கு வந்துவிடும். ஒரே கால இடைவெளியில் 'டக்… டக்… டக்…' என்று அடித்து, சிறிது நேரத்தில் சுழற்சியே நின்றுவிட்டால், முனைகளால் தட்டில் எதையும் படிக்க முடியவில்லை என்பது பெரும்பாலும் உறுதி. முனகுவதைப் போலவோ 'பீப்' என்றோ ஒலித்துத் தட்டு சுழலாமலே இருந்தால், முனை தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லது மோட்டார் இறுகியிருக்கும். சுரண்டும் ஒலி கேட்டால் பூச்சு பெயர்ந்துகொண்டிருக்கிறது. இந்த மூன்றில் எது கேட்டாலும் மின்சாரத்தை உடனே துண்டியுங்கள். அதற்குமேல் வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. தூசியற்ற அறை கொண்ட மீட்புக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். தண்ணீரில் விழுந்த வட்டும் கீழே விழுந்து அடிபட்ட வட்டும் இதே வகைதான், அவற்றை ஒரு முறைகூட இயக்கிப் பார்க்க வேண்டாம்.

மாறாக, வட்டு சீராகச் சுழல்கிறது, கணினி அதன் மாதிரிப் பெயரையும் கொள்ளளவையும் சரியாகக் காட்டுகிறது, ஆனால் படிப்பதில் தாமதமோ பிழையோ இருக்கிறது என்றால், வீட்டிலேயே முயலலாம். அப்போதும் ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தரவு போனால் தாங்குமா? உலகில் வேறெங்கும் நகல் இல்லாத, எந்த விலை கொடுத்தாவது மீட்க வேண்டிய தரவு என்றால், வட்டு எவ்வளவு நன்றாகச் சுழன்றாலும் முதலிலேயே வல்லுநரிடம் கொடுப்பதுதான் என் பரிந்துரை. வீட்டில் பலமுறை முயன்று களைத்த வட்டைவிட, தொடாமல் வந்த வட்டிலிருந்தே அவர்களால் அதிகம் எடுக்க முடியும்.

வட்டைக் குறை சொல்வதற்கு முன்

சில சமயம் வட்டு நலமாகத்தான் இருக்கும். கேபிளோ மின்சாரமோ கோளாறாக இருக்கும். யூஎஸ்பி வழி இணைக்கும் 2.5 அங்குல வட்டுகள் 5 வோல்ட்டில் இயங்குகின்றன. யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை தருவது 900. வட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் கூடுதல் மின்சாரம் கேட்பதால், ஹப் வழியாகவோ நீண்ட மலிவுக் கேபிள் வழியாகவோ இணைத்தால் அது மீண்டும் மீண்டும் தொடங்கி நிற்கும், அதைச் சிலர் வட்டின் பழுது என்று எண்ணிவிடுகிறார்கள். கணினியின் பின்புறத் துளையில் நேரடியாக, குட்டையான வேறொரு கேபிளால் இணைத்துப் பாருங்கள். 3.5 அங்குல வட்டுகளுக்கு 12 வோல்ட்டும் வேண்டும் என்பதால் தனி அடாப்டர் இருக்கும். அதையும் மாற்றிப் பாருங்கள்.

வெளிப்புற வட்டின் உறையைக் கழற்றி, உள்ளிருக்கும் வட்டைச் சாட்டா கேபிளால் நேரடியாகத் தாய்ப்பலகையில் இணைப்பது நல்ல வழி. யூஎஸ்பி மாற்றிச் சில்லுகள் பல, பிழை வந்தவுடன் திணறி இணைப்பையே துண்டித்துவிடும். ஆனால் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. சில வெளிப்புற வட்டுகளில் யூஎஸ்பி துளை வட்டின் சுற்றுப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், சாட்டா இணைப்பே இருக்காது. வேறு சிலவற்றில் உறைக்குள் இருக்கும் சில்லே தரவைக் குறியாக்கம் செய்யும். நீங்கள் கடவுச்சொல் எதுவும் வைக்காதிருந்தாலும் அப்படித்தான். அந்தப் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டால் வட்டில் இருப்பதெல்லாம் பொருளற்ற எண்களாகவே தெரியும். ஆகவே கழற்றிய உறையையும் பலகையையும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து ஸ்மார்ட் பதிவுகளைப் பாருங்கள். வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல் இது. விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் ஆகியவை இதைக் காட்டும். நிரல் சொல்லும் 'நலம்' என்ற ஒற்றைச் சொல்லை நம்ப வேண்டாம். கெட்டுப்போன வட்டுகளிலும் அது பச்சையாகவே இருப்பதுண்டு. எண் 5 மாற்றிடம் தரப்பட்ட செக்டார்களையும், 197 படிக்க முடியாமல் காத்திருப்பில் உள்ளவற்றையும், 198 திருத்தவே முடியாதவற்றையும் குறிக்கும். இவற்றின் மூல மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 உயர்ந்திருந்தால் இப்போதே படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன என்று பொருள். 199 மட்டும் உயர்ந்து மற்றவை பூஜ்யமாக இருந்தால், வட்டுக்கும் கணினிக்கும் இடையிலான கடத்தலில்தான் பிழை. முதலில் கேபிளை மாற்றுங்கள். பதிவைப் பார்ப்பதோடு நில்லுங்கள். நீண்ட சுயசோதனையைத் தொடங்க வேண்டாம், அது முழு வட்டையும் ஒரு முறை வீணாகப் படிக்கும்.

தொடவே கூடாத வழிகள்

'இந்த வட்டைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால் ரத்து செய்யுங்கள். வட்டைத் தொடங்கி வைக்கவா (இனிஷியலைஸ்) என்று கேட்டாலும் அப்படியே. விண்டோஸின் பழுதுநீக்கியான செக்டிஸ்க், சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃப்ராக், வைரஸ் தேடல் ஆகிய மூன்றும் இந்த நிலையில் நஞ்சு. மீட்பு நிரலைப் பழுதான வட்டிலேயே நிறுவுவதும், மீட்ட கோப்புகளை அதிலேயே சேமிப்பதும் இருக்கும் தரவின் மேல் எழுதுவதாகும்.

வட்டை உறைபனிப் பெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற பழைய யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. குளிர்ந்த வட்டை வெளியே எடுத்தவுடன் காற்றின் ஈரம் அதன் மேல் படிகிறது. பெரும்பாலான வட்டுகளின் மூடியில் காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் சிறு துளை இருப்பதால் ஈரம் உள்ளேயும் போகலாம், பனித்துளி படிந்த தட்டின் மேல் முனை பறக்க முடியாது. மூடியைத் திறந்து பார்ப்பதும் அதே அளவு கேடானது. சுற்றுப்பலகையை மட்டும் இன்னொரு வட்டிலிருந்து எடுத்து மாற்றுவது மிகப் பழைய வட்டுகளில் பலித்திருக்கலாம். இப்போதைய வட்டுகளில் அந்தந்தத் தட்டுகளுக்கும் முனைகளுக்கும் என அளந்து பதிந்த தனித் தகவல்கள் பலகையில் உள்ள ஒரு சில்லில் இருப்பதால், அந்தச் சில்லையும் பெயர்த்து மாற்றாமல் பலகை மாற்றம் வேலை செய்யாது.

தயாரிப்பு

மூன்று பொருட்கள் வேண்டும். முதலாவது, பழுதான வட்டின் மொத்தக் கொள்ளளவைவிடப் பெரிய ஒரு நல்ல வட்டு. 1 டெராபைட் வட்டில் 200 ஜிகாபைட் மட்டுமே நிரம்பியிருந்தாலும் 1 டெராபைட் முழுவதற்கும் இடம் வேண்டும், ஏனெனில் நாம் கோப்புகளை எடுக்கவில்லை, செக்டார்களை எடுக்கிறோம். இமேஜ், அதாவது முழு வட்டின் செக்டார் பிரதி, ஒரே பெரிய கோப்பாக அமைவதால், நல்ல வட்டின் கோப்பு முறைமை ஃபேட்32 ஆக இருக்கக் கூடாது; அதில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. இஎக்ஸ்டி4 அல்லது என்டிஎஃப்எஸ் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, யூஎஸ்பி பென்டிரைவிலிருந்தே இயங்கும் ஒரு லினக்ஸ். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸில் தேவையான எல்லாக் கருவிகளும் சேர்ந்தே வருகின்றன. உபுண்டு போன்றவற்றையும் பயன்படுத்தலாம், ஆனால் வட்டை இணைத்தவுடன் தானாக மவுண்ட் செய்யும் (கோப்புகளைத் திறக்கும்படி சேர்க்கும்) வசதியை முதலில் அணைத்துவிட வேண்டும். மூன்றாவது, பழுதான வட்டின் மேல் காற்று வீச ஒரு சிறு மின்விசிறி. இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பல மணி நேரம் இடைவிடாமல் ஓடும் வட்டு சூடேறும், சூடேறிய வட்டில் பிழைகள் கூடும். 50 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடாதீர்கள்.

பழுதான வட்டை இணைப்பதற்கு முன்பே லினக்ஸைத் தொடங்கி, நல்ல வட்டை மவுண்ட் செய்து, இடம் போதுமா என்று பார்த்து, எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பழுதான வட்டு மின்சாரத்தில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் படிப்பதற்கே செலவாக வேண்டும், நீங்கள் கட்டளையைத் தேடிக்கொண்டிருப்பதற்கு அல்ல.

இணைத்த பிறகு எந்த வட்டு எது என்று உறுதி செய்யுங்கள். லினக்ஸ் வட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி எனப் பெயரிடுகிறது; எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளை அவற்றைக் கொள்ளளவோடும், உரிய விருப்பத்தைச் சேர்த்தால் மாதிரிப் பெயரோடும் வரிசை எண்ணோடும் காட்டும். வட்டின் மேல் ஒட்டியிருக்கும் வில்லையில் உள்ள வரிசை எண்ணைத் திரையில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, ஒரு தாளில் 'மூலம்: எஸ்டிபி' என்று எழுதி வையுங்கள். மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்தால் நல்ல வட்டின் வெறுமை உங்கள் படங்களின் மேல் எழுதப்படும், அதிலிருந்து மீள வழியே கிடையாது. இன்னொரு வட்டின் மேலேயே நேரடியாக எழுதாமல் ஒரு கோப்புக்குள் இமேஜ் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: இலக்கு கோப்பாக இருக்கும்போது இந்தத் தவறு நேர்வது கடினம்.

பிரதி எடுத்தல்

இந்த வேலைக்கு உரிய கருவி குனூ டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய கட்டற்ற மென்பொருள் இது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் நிறுவும்போது பொதியின் பெயருக்கு முன்னால் 'ஜி' என்ற எழுத்து சேர்ந்திருக்கும். பெயர் ஒத்திருக்கும் வேறொரு கருவியும் உண்டு, அதன் பெயரில் நடுவே அடிக்கோடு வரும்; குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கட்டளையின் ஒழுங்கு எப்போதும் ஒன்றே: நிரலின் பெயர், விருப்பங்கள், மூல வட்டு, இமேஜ் கோப்பு, கடைசியாக மேப் கோப்பு. முதல் சுற்றுக்கு, சிறுகோட்டை அடுத்துச் சிற்றெழுத்து 'டி', சிறுகோட்டை அடுத்துச் சிற்றெழுத்து 'என்' ஆகிய இரண்டு விருப்பங்களைக் கொடுங்கள். முன்னது இயங்குதளத்தின் இடைச்சேமிப்பைத் தவிர்த்து வட்டை நேரடியாகப் படிக்கும். பின்னது கெட்ட இடங்களைத் துருவிக்கொண்டிருக்காமல் விட்டுவிட்டு மேலே செல்லச் சொல்லும்.

மேப் கோப்பைக் கொடுக்க மறந்துவிடாதீர்கள். எந்தப் பகுதி முடிந்தது, எது இன்னும் தொடப்படவில்லை, எது பிழை என்பதை அந்தச் சிறு உரைக்கோப்பில்தான் நிரல் எழுதி வைக்கிறது. மின்சாரம் போனாலும், நீங்களே கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினாலும், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் ஓர் இடம், ஒரு நீளம், ஒரு குறி இருக்கும்: கூட்டல் குறி என்றால் கிடைத்துவிட்டது, கேள்விக்குறி என்றால் இன்னும் தொடவில்லை, கழித்தல் குறி என்றால் கெட்ட செக்டார், நட்சத்திரமும் சாய்கோடும் பிறகு நெருங்கிப் பார்க்க வேண்டிய இடங்கள். மேப் கோப்பைப் பென்டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸின் தற்காலிக நினைவகத்தில் வைக்காமல், நல்ல வட்டிலேயே வையுங்கள். லினக்ஸ் அணைந்தால் தற்காலிக நினைவகத்தில் உள்ளது அழிந்துவிடும்.

ஓடத் தொடங்கியதும் திரையில் மீட்ட அளவு, வேகம், பிழை எண்ணிக்கை, கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரமாயிற்று என்பவை தெரியும். நொடிக்கு 100 மெகாபைட் வேகம் கிடைத்தால் 1 டெராபைட் முடிய 2 மணி 47 நிமிடம் ஆகும். 1 மெகாபைட் வேகம்தான் என்றால் பதினொன்றரை நாள். பெரும்பாலான வட்டுகளில் வேகம் நெடுநேரம் நன்றாக இருந்து, ஒரு பகுதியில் திடீரென்று பாதாளத்துக்குப் போகும், நிரல் அங்கிருந்து தாவி மேலே சென்றதும் வேகம் மறுபடி உயரும். அந்தத் தாவலைப் பார்க்கும்போதுதான் இந்தக் கருவியின் அருமை புரியும். முன்னிருந்து பின்னாக ஒரு முறை போய், விட்ட இடங்களைப் பின்னிருந்து முன்னாக ஒரு முறை அணுகி, இப்படிப் பல கடப்புகளில் நல்லதையெல்லாம் சேர்த்துக்கொண்டு போகும்.

வேகம் தொடக்கத்திலிருந்தே மிகக் குறைவாக இருந்தால், நிறுத்திவிட்டு, பெரிய எழுத்து 'ஆர்' விருப்பத்தைச் சேர்த்துப் பின்னிருந்து தொடங்கிப் பாருங்கள். வட்டு நடுவில் காணாமற்போனால் உடனே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் படிக்கப்படாத நல்ல இடங்களெல்லாம் பிழை என்று மேப்பில் பதிவாகிவிடக்கூடும். மின்சாரத்தைத் துண்டித்து, ஆறவிட்டு, மறுபடி இணைத்து, பெயரை மீண்டும் சரிபாருங்கள். எஸ்டிபி என்று இருந்தது இப்போது எஸ்டிசி ஆகியிருக்கலாம்.

ஒலி மாறினால் வேலையை நிறுத்த வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். இன்னும் சிறிதுதான் பாக்கி என்று தொடர்ந்து, இருந்ததையும் இழந்தவர்கள் பலர்.

முதல் சுற்று முடிந்தபின் டிடிரெஸ்க்யூவியூ என்ற நிரலில் மேப் கோப்பைத் திறந்து பாருங்கள். முழு வட்டும் சிறு கட்டங்களாக விரிந்து, கிடைத்தவை பச்சையாகவும் கெட்டவை சிவப்பாகவும் தெரியும். சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் தட்டில் புள்ளிப்புள்ளியாகக் குறை இருக்கிறது, அடுத்த சுற்று பயன் தரும். வட்டின் தொடக்கம் முதல் இறுதிவரை ஒழுங்கான இடைவெளியில் வரிவரியாகச் சிவப்பு வந்தால் செய்தி வேறு: தட்டுப் பரப்புகளில் ஒன்றுக்கு உரிய முனை செத்துவிட்டது, மற்ற முனைகள் உயிரோடு இருக்கின்றன. அந்த வரிகளை எத்தனை முறை முயன்றாலும் வீட்டில் பெற முடியாது. கிடைத்ததை வைத்துக்கொண்டு, முக்கியமானவை அந்த வரிகளுக்குள் சிக்கியிருந்தால் மட்டும் வட்டை மீட்புக் கூடத்துக்கு அனுப்புங்கள்.

இரண்டாம் சுற்றுக்கு 'என்' விருப்பத்தை எடுத்துவிட்டு, சிறுகோட்டை அடுத்துச் சிற்றெழுத்து 'ஆர்' போட்டு 3 என்ற எண்ணைச் சேருங்கள். இமேஜ் கோப்பும் மேப் கோப்பும் முன்பு கொடுத்த அதே பெயரில் இருக்க வேண்டும். இப்போது நிரல் கெட்ட இடங்களின் உள்ளே செக்டார் செக்டாராகத் துருவி, மூன்று முறை மறுமுயற்சி செய்யும். இந்தச் சுற்றில்தான் நாட்கள் போகும், இதில்தான் வட்டும் இறக்கும். எத்தனை விழுக்காடு கிடைத்தால் போதும் என்பதற்குப் பொது விதி இல்லை. 99.9 விழுக்காடு கிடைத்திருந்தாலும் 1 டெராபைட்டில் 1 ஜிகாபைட் விடுபட்டிருக்கிறது; அது வெற்றிடத்தில் விழுந்திருக்கலாம், கோப்புகளின் பெயர்ப்பட்டியலில் விழுந்திருக்கலாம். ஆகவே நான் முதல் சுற்று முடிந்தவுடன் வட்டை அணைத்துவிட்டு, கிடைத்த இமேஜைத் திறந்து, தேவையானவை வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே இரண்டாம் சுற்றுக்குப் போகிறேன். பல தடவை இரண்டாம் சுற்று தேவைப்படுவதே இல்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். வட்டு இன்னும் இயல்பான வேகத்தில் திறக்கிறது, உங்களுக்கு வேண்டியதோ சில ஜிகாபைட் மட்டுமே என்றால், அந்தக் கோப்புறையை மட்டும் முதலில் நகலெடுத்துவிட்டுப் பிறகு இமேஜுக்குப் போகலாம். அப்போதும் படிக்க மட்டும் அனுமதித்து மவுண்ட் செய்து, டெர்மினலில் நகல் கட்டளையால் எடுங்கள். கோப்பு உலாவியில் படக் கோப்புறையைத் திறந்தால், சிறுபடங்கள் காட்டுவதற்காகவே அது அங்குள்ள எல்லாப் படங்களையும் படிக்கத் தொடங்கிவிடும். முதல் தடங்கல் வந்தவுடன் நிறுத்திவிட்டு டிடிரெஸ்க்யூவுக்கு மாறுங்கள்.

பிரதியிலிருந்து கோப்புகளை எடுத்தல்

இப்போது பழுதான வட்டைக் கழற்றி எடுத்து வைத்துவிடலாம். இடம் இருந்தால் இமேஜுக்கு இன்னொரு நகல் எடுத்து, சோதனைகளை அந்த நகலில் செய்யுங்கள். முதலில், படிக்க மட்டும் அனுமதித்து இமேஜை லூப் சாதனமாக, அதாவது அந்தக் கோப்பையே ஒரு வட்டு போல, மவுண்ட் செய்து பாருங்கள். கோப்புறைகள் வழக்கம்போலத் திறந்தால், எடுத்துக்கொள்வதுதான் வேலை. விண்டோஸில் இருப்பவர்கள் 7-ஜிப் நிரலாலேயே பல இமேஜ்களைத் திறந்து உள்ளே பார்க்கலாம். வட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் பிரதியும் பூட்டியேதான் இருக்கும். அதைத் திறக்கக் கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புச் சாவியோ வேண்டும். சாவி எங்கே இருக்கிறது என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே தேடி வையுங்கள்.

மவுண்ட் ஆகாவிட்டால் டெஸ்ட்டிஸ்க் என்ற நிரலை இமேஜின் மீது ஓட்டுங்கள். அது தொலைந்த பார்ட்டிஷன்களை (வட்டின் பிரிவுகளை) தேடிக் காட்டும். ஒரு பார்ட்டிஷனைத் தேர்ந்து 'பி' எழுத்தை அழுத்தினால் உள்ளிருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும். அங்கிருந்தே நல்ல வட்டுக்கு நகலெடுக்கலாம். எதையும் எழுதச் சொல்லாமல் பட்டியலிட்டு நகலெடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. செக்டிஸ்க் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் இதுவே காலம், அதுவும் நகலின் மீதுதான்.

பெயர்ப்பட்டியலே சிதைந்திருந்தால் கடைசி வழி, டெஸ்ட்டிஸ்கோடு சேர்ந்தே வரும் ஃபோட்டோரெக். இது கோப்பு முறைமையைப் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் தனக்கே உரிய சில பைட்களோடு தொடங்குவதால், அந்த அடையாளங்களைத் தேடி இமேஜ் முழுவதையும் சல்லடை போட்டுச் சலிக்கிறது. படங்கள் நிறையவே கிடைக்கும், ஆனால் பெயர்களும் கோப்புறைகளும் போய்விடும். 'எஃப்' என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும்தான் பெயர். துண்டுதுண்டாகச் சிதறிப் பதிந்திருந்த பெரிய வீடியோக்கள் பெரும்பாலும் உடைந்தே வரும். படங்களுக்குள் பதிந்திருக்கும் எடுத்த தேதியைக் கொண்டு பின்னர் வரிசைப்படுத்தலாம். அலுப்பான வேலைதான், ஆனாலும் செய்யத் தக்கது.

கிடைத்த கோப்புகள் எல்லாம் முழுமையானவை என்று எண்ணிவிட வேண்டாம். கெட்ட செக்டார் விழுந்த இடம் இமேஜில் வெற்றுப் பூஜ்யங்களாக இருக்கும், ஆனால் கோப்பின் அளவு சரியாகவே காட்டும். மேல்பாதியில் முகங்கள் தெளிவாக இருந்து, கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் நிறமாகிவிட்ட படம் இப்படி வருவதுதான். ஆயிரக்கணக்கான கோப்புகளில் எவை அடிபட்டவை என்று கண்டுபிடிக்க டிடிரெஸ்க்யூவிலேயே நிரப்பு முறை என்று ஒரு வசதி உண்டு. இமேஜின் நகலில், மேப் கோப்பில் கழித்தல் குறி பெற்ற இடங்களில் மட்டும் நீங்கள் தரும் ஒரு விசித்திரமான சொல்லை நிரப்பிவிடும். பிறகு அந்த நகலை மவுண்ட் செய்து, அந்தச் சொல் எந்தெந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறது என்று கிரெப் கட்டளையால் தேடினால், சேதமான கோப்புகளின் பட்டியல் கையில் வந்துவிடும். அந்தப் பட்டியலில் உங்களுக்கு வேண்டியது எதுவும் இல்லை என்றால் வேலை முடிந்தது.

கூடத்துக்கு அனுப்ப நேர்ந்தால்

இதுவரை என்ன செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்: எத்தனை மணி நேரம் ஓடியது, என்ன ஒலி வந்தது, எதை முயன்றீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு உதவும். தூசியற்ற அறை அவர்களிடமே இருக்கிறதா, வேறிடத்துக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். கிடைத்த கோப்புகளின் பட்டியலைக் காட்டிய பிறகு கட்டணம் கேட்கிறவர்களைத் தேர்ந்தெடுங்கள். வட்டை நிலைமின்சாரம் தாக்காத பையில் இட்டு, எல்லாப் பக்கமும் தடித்த பஞ்சு வைத்து, பெட்டிக்குள் அசையாதபடி கட்டி அனுப்புங்கள்.

வீட்டிலேயே முடிந்துவிட்டால், மீட்ட கோப்புகளை ஒவ்வொரு கோப்புறையிலிருந்தும் சிலவற்றையாவது திறந்து பார்த்து, இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைத்த பிறகும், பழைய வட்டையும் இமேஜையும் மேப் கோப்பையும் சில மாதங்கள் வைத்திருங்கள். மறந்துபோன ஒரு கோப்பின் நினைவு பிறகுதான் வரும். பழைய வட்டை மறுபடி ஃபார்மேட் செய்து வேறு வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். எழுதியவுடன் காத்திருப்பு செக்டார்களுக்கு மாற்றிடம் தரப்பட்டு 197 பூஜ்யத்துக்கு இறங்கலாம், வட்டு குணமாகிவிட்டது போலத் தோன்றும், ஆனால் தேய்ந்த முனையும் உரிந்த பூச்சும் அப்படியேதான் இருக்கும்.